இயந்திரம் சரியாகச் சொன்னால் மட்டும் போதுமா?

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தை ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம்.

எங்கள் லெம்பா பெர்த்தாமில் ஒரு பாட்டி இருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இனிப்புநீர். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் தாதி சொல்லும் எண் 6 அல்லது 7. "ஏழைத் தாண்டாம பாத்துக்குங்க பாட்டி" என்பதுதான் அவருக்குத் தெரிந்த மருத்துவம். தமிழ்நாட்டுக்குப் போய் வந்த உறவினர் ஒருவர், வீட்டிலேயே சர்க்கரை பார்க்க ஒரு கருவி வாங்கி வந்து கொடுத்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். திரையில் 126!

வீடே கலங்கிப் போனது. 7 எங்கே, 126 எங்கே? பனிமூட்டத்திலேயே காரை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். போகிற வழியில் என்னிடம் காட்டியபோதுதான் திரையின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்துகளைப் பார்த்தேன்.

மலேசியாவில் இரத்தச் சர்க்கரையை ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறோம். இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். குளுக்கோஸின் மோலார் நிறை 180 கிராம். ஆகவே ஒரு லிட்டரில் 1 மில்லிமோல் என்றால் அதில் 180 மில்லிகிராம் இருக்கிறது; ஒரு டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம். இப்போது வகுத்துப் பாருங்கள்: 126 ÷ 18 = 7. பாட்டியின் சர்க்கரை அதே பழைய 7தான்.

கருவி சரியாகத்தான் அளந்தது. பாட்டியும் கருவி காட்டிய எண்ணைச் சரியாகத்தான் படித்தார். ஆனாலும் ஒரு குடும்பமே பயந்து நடுங்கியது. கருவிக்கும் அதைப் பிடித்திருக்கும் கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். மருத்துவத்தில் கணினி மென்பொருள் நுழைந்திருக்கும் இந்தக் காலத்தில், இந்தச் சோதனை உயிரோடும் பார்வையோடும் தொடர்புடைய விஷயமாகிவிட்டது.

நோய் அறிய உதவும் மென்பொருள்

நோயாளியின் அறிகுறிகளையோ இரத்தப் பரிசோதனை முடிவையோ படத்தையோ பெற்றுக்கொண்டு, "இது இந்த நோயாக இருக்கலாம்" என்று மருத்துவருக்குச் சொல்லும் மென்பொருள்கள் உள்ளன. முடிவெடுப்பது மருத்துவர், மென்பொருள் உதவியாளர்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1972-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கடுமையான வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் கொடுத்துப் பார்த்தார்கள். கணினி 91.8 விழுக்காடு சரியாகச் சொன்னது. அனுபவமிக்க மூத்த மருத்துவர் சரியாகச் சொன்னது 79.6 விழுக்காடு.

அதே 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கிருமித் தொற்றுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று அது ஆலோசனை சொல்லும். மூளையுறைக் காய்ச்சல் கண்ட பத்து நோயாளிகளின் விவரங்களை மைசினிடமும் மருத்துவப் பேராசிரியர்களிடமும் கொடுத்தார்கள். எந்த விடை யாருடையது என்பதை மறைத்து, எட்டு நிபுணர்களை மதிப்பிடச் சொன்னார்கள். மைசினுக்குக் கிடைத்தது 65 விழுக்காடு. பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 வரை.

இவ்வளவு கெட்டிக்கார மைசின் எத்தனை மருத்துவமனைகளில் அன்றாட வேலைக்கு வந்தது தெரியுமா? ஒன்றில்கூட இல்லை. அதனிடம் ஆலோசனை கேட்க மருத்துவர் கணினி முன் உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பதில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வார்டுகளில் கணினியும் இல்லை, அவ்வளவு நேரமும் இல்லை. தேர்வில் முதல் மாணவன், வேலையில் சேரவே முடியவில்லை!

மதுரையில் ஒரு கண் பரிசோதனை

இனி நம் வீட்டுக்கு நெருக்கமான ஒரு நோய்க்கு வருவோம். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. அதாவது நம் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். உங்கள் வீட்டில் யாருக்கு என்று நான் கேட்கவே தேவையில்லை.

கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டு. சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் அந்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியத் தொடங்கும். இதுதான் நீரிழிவு விழித்திரை நோய். தொடக்கத்தில் வலியும் இல்லை, பார்வையும் மங்காது. மங்குவது தெரியும்போது நோய் முற்றியிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். அதற்கு, கண்பாவை வழியாக விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் படத்தைப் படித்துச் சொல்லும் நிபுணர்கள் எல்லா ஊரிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது. கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் காட்டிப் பயிற்சி கொடுத்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இந்த முயற்சியில் பங்கெடுத்தது.

அடுத்து, அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் உண்மையான நோயாளிகள் 3,049 பேரிடம் சோதித்தார்கள். 2019-இல் வெளியான முடிவில் அரவிந்துக்கான எண்கள் இரண்டைப் பாருங்கள்.

உணர்திறன் 88.9 விழுக்காடு. நோய் உள்ள 100 பேரில் 89 பேரை மென்பொருள் பிடித்துவிட்டது. 11 பேரைத் தவறவிட்டது.

தனித்தன்மை 92.2 விழுக்காடு. நோய் இல்லாத 100 பேரில் 92 பேரைச் சரியாக "இல்லை" என்றது. 8 பேரைத் தேவையில்லாமல் பயமுறுத்தியது.

மனிதர்கள் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்ததற்கு இது சமம், அல்லது அதைவிட மேல். இரண்டு எண்களும் நல்ல எண்கள்தான். ஆனால் மைசின் கதையை மறந்துவிடாதீர்கள். இந்த எண்கள், படம் கணினிக்குள் போன பிறகு நடப்பதைச் சொல்கின்றன. படம் கணினிக்குள் போவதற்கு முன்னும், விடை வெளியே வந்த பின்னும் என்ன நடக்கிறது?

தாய்லாந்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்

அந்தக் கேள்விக்கு விடை நம் அண்டை நாட்டில் கிடைத்தது. தாய்லாந்தில் அப்போது நீரிழிவு நோயாளிகள் சுமார் 45 லட்சம் பேர். விழித்திரை நிபுணர்கள் சுமார் 200 பேர் மட்டுமே. கிளினிக்கில் தாதி படம் எடுத்து அனுப்பினால், நிபுணர் பார்த்து முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். மென்பொருளோ உடனே சொல்லிவிடும். யாருக்குத்தான் ஆசை வராது?

2018 நவம்பரிலிருந்து 2019 ஆகஸ்டு வரை பாத்தும் தானி, சியாங் மாய் மாநிலங்களில் இருக்கும் 11 கிளினிக்குகளுக்கு ஆய்வாளர்கள் போனார்கள். தாதிகள் வேலை செய்வதை அருகில் இருந்து கவனித்தார்கள், அவர்களிடம் பேசினார்கள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் முதலாவதாக என்ன படித்தீர்கள்? உற்றறிதல். அதைத்தான் செய்தார்கள். அவர்கள் கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வெளிச்சம். நல்ல விழித்திரைப் படம் வேண்டுமானால் கண்பாவை விரிய வேண்டும். அது விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். 11 கிளினிக்குகளில் இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது இரண்டில் மட்டுமே. மற்ற இடங்களில் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் மங்கலாக வந்தன.

இரண்டாவது, படத்தின் தரம். தவறான விடை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தெளிவில்லாத படத்தை ஏற்காமல் தள்ளிவிடும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 393 தள்ளப்பட்டன. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று! சில படங்களைத் தாதியே பார்த்து "இதில் நோய் இல்லை" என்று சொல்ல முடிந்தது. மென்பொருள் மட்டும் முடியாது என்றது. அந்த நோயாளியோ இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறு இடத்திலுள்ள நிபுணரைப் பார்க்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, இணையம். ஆய்வுக்கூடத்தில் சில வினாடிகளில் விடை வந்தது. கிளினிக்கில் இணையம் மெதுவாக இருந்தபோது ஒரு படம் மேலேற 60 முதல் 90 வினாடிகள் பிடித்தன. 90 வினாடி என்ன பெரிய நேரமா என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: ஒருவருக்கு இரண்டு கண்கள், ஆக 3 நிமிடம். 100 பேர் வரிசையில் நின்றால் 300 நிமிடம், அதாவது காத்திருப்பதற்கே 5 மணி நேரம்.

நான்காவது, எந்தப் பொறியாளரும் முன்கூட்டி நினைக்காத ஒன்று: பயணம். மென்பொருள் "நோய் இருக்கிறது" என்று உடனே சொல்லிவிட்டால், நோயாளி தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரும் இல்லை, நாள் கூலியும் போய்விடும் என்பவர்களிடம் சில தாதிகளே "இந்த ஆய்வில் சேராவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். விடை சீக்கிரம் வருவதே சிலருக்குச் சுமையாகிவிட்டது.

இந்த நான்கில் எதற்கும் கணினியின் கணக்குத் திறமையோடு தொடர்பில்லை என்பதைக் கவனித்தீர்களா? படத்தை இன்னும் பத்து லட்சம் முறை காட்டிப் பயிற்சி கொடுத்தாலும் கிளினிக் அறை இருட்டாகிவிடாது.

குறை தெரிந்ததால் திருத்தவும் முடிந்தது. தள்ளப்பட்ட படங்களுக்கு உரியவர்களை நேராக வேறு ஊருக்கு அனுப்பாமல், அந்தப் படங்களைக் கண் நிபுணர் ஒருவர் நோயாளியின் மருத்துவப் பதிவுகளோடு சேர்த்துப் பார்க்கும்படி நடைமுறையை மாற்றினார்கள். 2022-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு முடிவில், ஒன்பது கிளினிக்குகளில் 7,651 நோயாளிகளிடம் மென்பொருளின் உணர்திறன் 91.4 விழுக்காடாக இருந்தது. கருவி பயனுள்ளதுதான். அது பயன்படும் இடத்தையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையை எப்படிச் செய்வது?

மருத்துவ மென்பொருளுக்குச் செய்யும் பயன்பாட்டுச் சோதனையின் முக்கியப் படிகள் இவை.

1. உண்மையில் பயன்படுத்தப் போகிறவரை அழைக்க வேண்டும். தாதி பயன்படுத்தும் கருவியைப் பொறியாளரின் நண்பரிடம் கொடுத்துச் சோதித்தால் பயனில்லை.

2. உண்மையான வேலையைக் கொடுக்க வேண்டும். "இந்தத் திரை அழகாக இருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. "இந்த நோயாளிக்கு அடுத்து என்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும்.

3. மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். "இந்தப் பொத்தானா... இல்லை, இது அழித்துவிடுமோ?" என்ற முணுமுணுப்பில்தான் பிழையின் வேர் இருக்கும்.

4. சோதிப்பவர் உதவி செய்யக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தயங்கினார், எங்கே தவறினார் என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

5. திருத்திவிட்டு, வேறு ஆட்களிடம் மீண்டும் சோதிக்க வேண்டும்.

எத்தனை பேர் போதும்? யாக்கோப் நீல்சன் என்ற நிபுணர் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகள் தெரியும். 69 விழுக்காடு மறைந்திருக்கும். ஐந்து பேரைச் சோதித்தால் மறைந்திருப்பது 0.69-ஐ ஐந்து முறை பெருக்கி வரும் எண், அதாவது சுமார் 0.16. ஆக ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குறைகள் ஐந்து பேரிடமே வெளிப்பட்டுவிடும். ஆனால் மிச்சமிருக்கும் 15 விழுக்காட்டில் ஓர் உயிரைப் பறிக்கும் குறை இருந்தால்? அதனால்தான் மருத்துவக் கருவிகளின் இறுதிச் சோதனையில் ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழிகாட்டுகிறது.

இந்தச் சோதனை இரண்டு எதிரெதிர் ஆபத்துகளைத் தேடும். ஒன்று எச்சரிக்கைச் சலிப்பு. மென்பொருள் எதற்கெடுத்தாலும் எச்சரித்துக்கொண்டே இருந்தால், புலி வருது கதைபோல உண்மையான எச்சரிக்கையையும் மருத்துவர் தள்ளிவிடுவார். மற்றொன்று கண்மூடி நம்புவது. "கணினியே சொல்லிவிட்டது" என்று தன் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியையும் விட்டுவிடுவது. நல்ல வடிவமைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

மணிலா அட்டையில் ஒரு மென்பொருள்

என் படிவம் 4 மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தேன். கணினியே தேவைப்படவில்லை. மணிலா அட்டையில் ஒரு கைப்பேசித் திரையை வரைந்தார்கள். கண் பரிசோதனை முடிவு வந்திருப்பதாகக் கற்பனை. திரையில் பெரிதாக "முடிவு: பாசிட்டிவ்" என்று எழுதியிருந்தார்கள். அதை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பெரியவர்களிடம் காட்டி, "இதைப் பார்த்ததும் என்ன செய்வீங்க?" என்று கேட்டுவரச் சொன்னேன்.

ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "பாசிட்டிவ்னா நல்லதுதானே? சாமிக்கு நன்றி சொல்லிட்டு வேலைக்குப் போவேன்" என்றாராம். கேட்டுவந்த மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவத்தில் பாசிட்டிவ் என்றால் நோய்க்கான அறிகுறி தென்படுகிறது என்று பொருள். அந்த அம்மாவின் இடத்தில் உண்மையான நோயாளி இருந்திருந்தால், பார்வை போகும் வரை நிம்மதியாக இருந்திருப்பார்.

"டீச்சர், அவங்களுக்குத் தெரியல, நான் விளக்கிச் சொல்லிட்டேன்" என்றாள் மாணவி. அங்கேதான் பாடம். நீ விளக்கிச் சொன்னாய். மென்பொருளோடு உன்னையும் சேர்த்து எல்லா வீட்டுக்கும் அனுப்ப முடியுமா? பயன்படுத்துபவர் தவறாகப் புரிந்துகொண்டால் குறையைத் திரையில் தேடு என்றேன். இரண்டாவது அட்டையில் அவர்கள் எழுதியது: "உங்கள் கண்ணில் பாதிப்பு தெரிகிறது. இந்த மாதத்துக்குள் கண் மருத்துவரைப் பாருங்கள்." இம்முறை கேட்ட பெரியவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்? எப்படிப் போறது?" என்பதுதான். தாய்லாந்துத் தாதிகள் கவலைப்பட்ட அதே பயணம்! மூன்றாவது அட்டையில் இடம், தொலைபேசி எண், பஸ் நேரம் ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டார்கள்.

இப்படியொரு மென்பொருள் நாளை நம் பள்ளத்தாக்குக்கு வந்தால் எதையெல்லாம் சந்திக்கும்? மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தக்கபடி வந்து போகும் இணையம். அரைநாள் விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும் தொழிலாளி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி, தமிழே தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளி. வரைந்து பார்க்கும்போதே இவர்கள் எல்லாரையும் மனத்தில் வைக்க வேண்டும். யாராவது வந்து இங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் அது நடக்கும். வருகிறவர் ஒருநாள் உங்களில் ஒருவராக இருக்கலாம். மருத்துவரும் பொறியாளரும் மட்டுமே இந்த வேலையைச் செய்வதில்லை. பொறுமையாகக் கவனிக்கத் தெரிந்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு.

செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு கருவியையோ செயலியையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் அனுமதி கேட்டு, ஒரே வேலையைக் கொடுங்கள். அவர்களின் சொந்த மருத்துவ விவரங்களைக் கேட்கவோ எழுதவோ வேண்டாம். வாயைத் திறக்காமல் பார்த்து, ஆன நேரத்தையும் தயங்கிய இடங்களையும் அட்டவணையில் குறியுங்கள்.

பிறகு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. உங்கள் சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை?

2. ஒரு மென்பொருளின் உணர்திறன் 90 விழுக்காடு. ஆனால் கொடுக்கும் படங்களில் 20 விழுக்காட்டை அது ஏற்காமல் தள்ளுகிறது. நோய் உள்ள 100 பேர் வந்தால், அன்றே உண்மையில் எத்தனை பேரின் நோய் தெரியவரும்? (குறிப்பு: முதலில் எத்தனை படங்கள் உள்ளே போகின்றன?)

3. பாட்டியின் சர்க்கரைக் கருவியை நீங்கள் மறுவடிவமைத்தால் திரையில் எதை மாற்றுவீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு விடை 72. தொண்ணூறு என்று எழுதியவர்கள் மீண்டும் ஒருமுறை கிளினிக் வாசலிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் இனிப்புநீர் உள்ளவர்களிடம், "கடைசியா எப்போ கண்ணைப் படம் எடுத்தாங்க?" என்று கேளுங்கள். நினைவில்லை என்றால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது தாதியிடம் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பாட்டியிடம் நான் கேட்டுவிட்டேன். அவருடைய கருவியின் மேல் இப்போது ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருக்கிறது. பேரன் எழுதியது: "18-ஆல் வகுக்கவும்."